ஆடியில் ஓடிய மை, ஐப்பசியில் அடைத்துக்கொண்டது

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரி. அதன் ஆய்வகத்தில் இங்க்ஜெட் இயந்திரத்தால் கண்ணாடியின் மேல் துத்தநாக ஆக்சைடு கோடுகளை அச்சிட்டு, அவற்றை அமோனியா வாயுவைக் கண்டறியும் உணரிகளாக்குகிறார்கள். ஆடியிலும் ஆவணியிலும் சொன்னபடி கேட்ட மை, ஐப்பசியில் மழை இறங்கியதும் முரண்டு பிடித்தது. மை வெளியேறும் நுண் துளைகளான நாசில்கள் அடைத்துக்கொண்டன. அடைக்காத நாட்களில் அச்சான கோடுகள் இரு ஓரமும் தடித்து, நடுவில் ஏறக்குறைய வெறும் கண்ணாடியாக நின்றன. அதையும் தாண்டித் தேறிய சில உணரிகளோ, அமோனியா வாடையே இல்லாத அறையில் அமோனியா இருப்பதாகச் சாதித்தன.

மூன்று கோளாறுகளுக்கும் அவர்கள் தனித்தனிக் காரணம் தேடிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கூப்பிட்டபோது வேதிப்பொருளில் கலப்படம், கார்ட்ரிட்ஜ் பழசு, மின்னழுத்தம் சரியில்லை, மழைச்சேற்றோடு வந்த தூசி என்று சந்தேகங்கள் பெருகியிருந்தன. நான் மேற்பரப்பு வேதியியல் கற்பிக்கிறவன். மின்னணுவியலில் எனக்குப் பெரிய பழக்கமில்லை. ஆனால் ஒரு துளி எப்படிக் காய்கிறது என்பது என் பாடம். அந்த ஆய்வகத்தின் நோட்டுகளையும் கெட்டுப்போன மாதிரிகளையும் வைத்து இதை எழுதுகிறேன்.

நெல் வயலும் அமோனியாவும்

டெல்டாவில் மேலுரமாக யூரியாவை நிற்கும் தண்ணீரிலேயே வீசித் தெளிப்பது வழக்கம். யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன். யூரியேஸ் என்ற நொதி அதை அமோனியமாக உடைக்கிறது. பகலில் வயல் நீரிலுள்ள பாசி கரியமில வாயுவை இழுத்துக்கொள்ளும், நீரின் காரத்தன்மை ஏறும், பி.எச். 9-ஐத் தாண்டுவதும் உண்டு. காரம் ஏற ஏற அமோனியம் அமோனியா வாயுவாகிக் காற்றில் கலந்துவிடும். உழவர் காசு கொடுத்து வாங்கிய உரத்தில் ஒரு பங்கு பயிருக்குச் சேராமலே போவது இப்படித்தான். எந்த வயலில், எந்த நேரத்தில், எவ்வளவு போகிறது என்று பார்ப்பதற்கு விலையுயர்ந்த கருவி ஒன்றிரண்டு போதாது. மலிவான உணரிகள் ஏராளமாக வேண்டும். அச்சிடும் யோசனை அங்கிருந்துதான் வந்தது.

உலோக ஆக்சைடுகளை மின்னணுவியலுக்குப் பயன்படுத்துவது புதிதல்ல. 2004-இல் டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தில் ஹிடியோ ஹோசோனோவின் குழு, இண்டியம் காலியம் துத்தநாக ஆக்சைடை வளையும் பிளாஸ்டிக்கின் மேல் அறை வெப்பநிலையிலேயே படியவைத்து டிரான்சிஸ்டர் செய்து காட்டியது. இன்று பல திரைகளுக்குப் பின்னால் அந்தப் பொருள் இருக்கிறது. தொழிற்சாலைகளில் அதை வெற்றிடக் கலங்களில் படியவைக்கிறார்கள். அச்சு முறையில் வெற்றிடம் தேவையில்லை, வேண்டிய இடத்தில் மட்டும் பொருள் விழும், சேதாரம் குறைவு. ஆனால் வெற்றிடக் கலம் பார்த்துக்கொண்ட தலைவலியெல்லாம் மைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

மையின் செய்முறை

மை என்றதும் நிறத்தை எதிர்பார்க்க வேண்டாம். பார்வைக்கு இது வெறும் தண்ணீர். உள்ளே துத்தநாக ஆக்சைடுத் துகளும் கிடையாது. நானோ துகள்களை மிதக்கவிட்டு மை செய்வது ஒரு வழி. அதில் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்கத் தனிப் பொருள் சேர்க்க வேண்டும், பிறகு அந்தப் பொருளை எரித்துப் போக்க வேண்டும். துகளின் அளவு நாசிலின் நூறில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது என்பது இந்தத் தொழிலின் பொது விதி. இந்த ஆய்வகத்தின் டைமாட்டிக்ஸ் இயந்திரத்தில் கார்ட்ரிட்ஜுக்கு 16 நாசில்கள், ஒவ்வொன்றும் சுமார் 21 மைக்ரோமீட்டர். அப்படியானால் 0.2 மைக்ரோமீட்டருக்கு மேல் எதுவும் உள்ளே இருக்கக்கூடாது.

இவர்கள் எடுத்தது மற்ற வழி. ஆக்சைடாக மாறக்கூடிய உப்பைக் கரைத்து அச்சிட்டு, பிறகு சூடாக்கி ஆக்சைடாக்குவது. 10 மில்லிலிட்டர் மைக்கு 0.439 கிராம் துத்தநாக அசிட்டேட் டைஹைட்ரேட். அதற்குச் சம மோல் அளவில் மோனோ எத்தனால் அமீன், அதாவது 0.12 மில்லிலிட்டர், கரைப்பானாக 2-மெத்தாக்சி எத்தனால் 7 பங்கு, எத்திலீன் கிளைக்கால் 3 பங்கு. செறிவு 0.2 மோலார். 60 டிகிரி செல்சியஸில் இரண்டு மணி நேரம் கலக்கி, ஆறவைத்து, 0.2 மைக்ரோமீட்டர் டெஃப்லான் வடிகட்டி வழியாகச் சிரிஞ்சால் அழுத்திக் கார்ட்ரிட்ஜில் ஏற்றுவார்கள். அச்சான கண்ணாடி மஃபிள் உலையில் 400 டிகிரியில் வேகும். அசிட்டேட் 300 டிகிரியை ஒட்டியே சிதைந்துவிடும். மிச்சம் துத்தநாக ஆக்சைடு.

எத்திலீன் கிளைக்கால் எதற்கு என்று கேட்கலாம். துளி நாசிலை விட்டு ஒழுங்காகக் கழன்று விழ வேண்டுமானால், ஒருபுறம் மையின் பாகுத்தன்மையும் மறுபுறம் பரப்பு இழுவிசை (திரவத்தின் மேற்பரப்பு தன்னைச் சுருக்கிக்கொள்ள இழுக்கும் விசை), அடர்த்தி, நாசில் அளவு ஆகியவையும் ஓர் அளவில் பொருந்த வேண்டும். இவற்றை ஒன்றாகச் சேர்த்து ஓனசோர்கே 1936-இல் தந்த எண்ணின் தலைகீழை இசட் எண் என்கிறார்கள். அது 1-க்கும் 10-க்கும் இடையில் இருந்தால் துளி சீராக விழும் என்று 2000-இல் ரெய்ஸும் டெர்பியும் கணக்கிட்டுச் சொன்னார்கள். மெத்தாக்சி எத்தனாலின் பாகுத்தன்மை 1.7 சென்டிபாய்ஸ், பரப்பு இழுவிசை மீட்டருக்கு 31 மில்லிநியூட்டன். அதை மட்டும் 21 மைக்ரோமீட்டர் நாசிலில் விட்டால் இசட் எண் 15-ஐத் தொடும். பெரிய துளிக்குப் பின்னால் குட்டித் துளிகள் தெறிக்கும். 16 சென்டிபாய்ஸ் உள்ள எத்திலீன் கிளைக்காலை 30 சதவீதம் சேர்த்தால் கலவை ஏறக்குறைய 3.3 சென்டிபாய்ஸுக்கு வரும்; இசட் எண் 8-ஐ ஒட்டி நிற்கும். கணக்கில் குற்றமில்லை. துளி பறக்கும் வரைக்கும் இந்த மை நல்ல மைதான்.

விழுந்த பிறகு என்ன ஆகிறது என்பதற்கும் ஒரு கணக்குப் போட்டுக்கொள்வது நல்லது. ஒரு துளி 10 பைக்கோலிட்டர்; விட்டம் 27 மைக்ரோமீட்டர். அதிலுள்ள துத்தநாகம் முழுவதும் ஆக்சைடானால் 29 கன மைக்ரோமீட்டர். துளி 60 மைக்ரோமீட்டர் வட்டமாகப் பரவினால் படலத்தின் தடிமன் சராசரியாக 10 நானோமீட்டர். ஓரிடத்தில் சற்றுக் கூடினால் இன்னோரிடத்தில் எதுவும் மிஞ்சாது. அத்தனை சிறிய கையிருப்பு.

சந்தேகங்கள் கழிந்த விதம்

முதல் சந்தேகம் புதிதாக வாங்கிய துத்தநாக அசிட்டேட் பாட்டிலின் மேல். பழைய பாட்டிலில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. இரண்டிலும் ஒரே நாளில் மை காய்ச்சி அச்சிட்டார்கள். இரண்டும் ஒரே மாதிரி கெட்டன. கார்ட்ரிட்ஜை மாற்றினால் தொடக்கத்தில் சரியாக ஓடியது, பிறகு அதுவும் அடைத்தது. அச்சு இயந்திரம் யு.பி.எஸ். வழியாக ஓடுவதால் மின்னழுத்தத்தின் மேல் பழிபோட முடியவில்லை.

அச்சிடும் வேலையைச் செய்த ஆய்வு மாணவி சொன்னதுதான் பிடிமானம் தந்தது. “சார், ஒரே நாளில் காலையில் அச்சிட்டது நன்றாக இருக்கிறது, மத்தியானம் அச்சிட்டது கெட்டிருக்கிறது. பாட்டில் ஒன்று, கார்ட்ரிட்ஜ் ஒன்று, அச்சிட்ட கையும் ஒன்று.”

மை மாறவில்லை, ஆள் மாறவில்லை என்றால் அறைதான் மாறியிருக்க வேண்டும். நோட்டைப் புரட்டினேன். தேதி, மையின் தொகுதி எண், மின்னழுத்தம், துளிகளின் இடைவெளி, தட்டின் வெப்பநிலை எல்லாம் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தன. காற்றின் ஈரப்பதத்துக்கு மட்டும் ஒரு கட்டம் இல்லை. அறையில் ஈரப்பதமானியும் இல்லை. அதே வாரம் அந்த மாணவியின் அப்பா குறுவை நெல்லோடு நேரடிக் கொள்முதல் நிலைய வாசலில் காத்திருந்தார். நெல்லுக்கு 17 சதவீத ஈரம் என்பது அங்கே விதி; மழைக்காலத்தில் அரசு தளர்வு தந்தால்தான் அதற்கு மேல் எடுப்பார்கள். டெல்டாவில் ஈரப்பதம் என்ற சொல்லைத் தெரியாத வீடு கிடையாது. பல லட்ச ரூபாய்க் கருவி இருந்த அறையில்தான் அதை அளக்க ஆளில்லை. இதை அந்த ஆய்வகத்தின் குறை என்று சொல்ல மாட்டேன். செய்முறைகள் எழுதப்படும் நாடுகளில் அறையின் காற்றைக் கட்டடமே கவனித்துக்கொள்கிறது. அதனால் கட்டுரையில் ஈரப்பதத்தை எழுதும் வழக்கமே பலருக்கு இல்லை. படித்துச் செய்கிறவர் எழுதியிருப்பதைத்தான் செய்வார்.

டீசல் கணக்கு நோட்டு

அளக்காமல் விட்ட ஈரப்பதத்தைப் பின்னோக்கி எப்படித் தெரிந்துகொள்வது? வழி காட்டியவர் ஆய்வக உதவியாளர். கல்லூரியில் எல்லோருக்கும் அவர் அண்ணன். ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கும் கணக்கை அவர்தான் பார்க்கிறார். அலுவலகத்தில் கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டுமே என்று, கரண்ட் போன நேரத்தையும் வந்த நேரத்தையும் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்திருந்தார். ஓரத்தில் “மழை”, “காற்று”, “மரம் விழுந்தது” என்று ஒற்றைச் சொல் குறிப்புகள். பால்பாயிண்ட் பேனா, அடித்தல் திருத்தல் எதுவும் இல்லை.

“இதெல்லாம் உங்களுக்கு எதற்கு சார்? இது டீசல் கணக்கு” என்றார்.

அந்த நோட்டையும் அச்சு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நேரத்தை ஒப்பிட்டோம். கெட்டுப்போன மாதிரிகளில் பெரும்பாலானவை கரண்ட் இல்லாத வேளையிலோ, கரண்ட் வந்த சற்று நேரத்துக்குள்ளோ அச்சானவை. ஜெனரேட்டர் இணைப்பில் விளக்கும் கணினியும் உண்டு, ஏசி கிடையாது. அச்சு இயந்திரம் யு.பி.எஸ்.ஸில் நிற்காமல் ஓடும். ஆகவே வேலை தடைப்படவில்லை என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். நின்றது ஏசி மட்டும்.

ஏசி நின்றால் அறை சூடாகும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதைவிடப் பெரிய விளைவு ஒன்று உண்டு. வெளியே 27 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஐப்பசியில் இது சாதாரணம். அந்தக் காற்றின் பனிப்புள்ளி, அதாவது அதிலுள்ள நீராவி நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, 25 டிகிரிக்குச் சற்று மேல். ஏசி ஓடிய அறையில் கண்ணாடித் துண்டுகளும் இயந்திரத்தின் தட்டும் 23, 24 டிகிரியில் குளிர்ந்து கிடக்கின்றன. கரண்ட் போனதும் புழுக்கம் தாங்காமல் ஜன்னலைத் திறக்கிறார்கள். உள்ளே வரும் காற்று தன் பனிப்புள்ளியைவிடக் குளிர்ந்த கண்ணாடியில் படுகிறது, நீர் படிகிறது. ஏசி அறையிலிருந்து வெளியே வருகிறவரின் மூக்குக் கண்ணாடி மங்கலாவதும் இதனால்தான். அச்சுக் கண்ணாடியில் படிவது அவ்வளவு தடிமனாக இல்லாததால் கண்ணுக்குத் தெரிவதில்லை. 10 நானோமீட்டர் படலத்துக்கு அந்த மெல்லிய நீரே வெள்ளம்.

ஓரத்துக்கு ஓடும் மை

கோடுகள் இரு ஓரமும் தடித்ததைத்தான் நான் அதிக நேரம் பார்த்தேன். நுண்நோக்கியில் நல்ல கோட்டைக் கண்டுபிடிப்பதே கடினம். கண்ணாடியில் ஒரு மங்கல், அவ்வளவுதான். கெட்ட கோடு உடனே தெரியும். வெளிறிய பளபளப்போடு இரட்டைக் கோடாக நிற்கும். இரண்டுக்கும் நடுவில் ஒன்றும் இருக்காது. சில இடங்களில் கோடு வயிறு வீங்கி, அடுத்த இடத்தில் அறுந்திருக்கும்.

1997-இல் சிகாகோவில் டீகனும் சகாக்களும் இதற்கு விளக்கம் தந்தார்கள். துளியின் ஓரம் தரையோடு ஒட்டி நகராமல் நின்றுவிட்டால், மெல்லிய ஓரத்தில்தான் ஆவியாதல் வேகமாக நடக்கும். ஓரத்தில் இழந்ததை ஈடுகட்ட நடுவிலிருந்து திரவம் வெளியே ஓடும். போகும்போது கரைந்ததையும் கூட்டிக்கொண்டு போய் ஓரத்தில் இறக்கும். மேசையில் சிந்திய காபி காய்ந்தபின் வளையமாக நிற்பது இதே கதை.

இதைத் தடுக்க எல்லோரும் இரண்டு கரைப்பான்களைக் கலப்பார்கள். தண்ணீரில் எத்திலீன் கிளைக்கால் சேர்த்தால் வளையம் குறைவதற்குக் காரணம் உண்டு. தண்ணீரின் பரப்பு இழுவிசை 72; கிளைக்காலுடையது 48. ஓரத்தில் தண்ணீர் முதலில் பறந்து கிளைக்கால் மிஞ்சும், அங்கே பரப்பு இழுவிசை குறையும், நடுவில் அதிகம். மேற்பரப்பில் திரவம் எப்போதும் இழுவிசை குறைந்த இடத்திலிருந்து கூடிய இடத்துக்கு ஓடும். ஆகவே ஓட்டம் ஓரத்திலிருந்து உள்ளே திரும்பி, வளையத்துக்கு எதிராக வேலை செய்யும்.

இந்த ஆய்வகத்தின் மையில் அந்த ஏற்பாடு தலைகீழ். முதலில் பறப்பது மெத்தாக்சி எத்தனால். கொதிநிலை 124 டிகிரி, இழுவிசை 31. மிஞ்சுவது எத்திலீன் கிளைக்கால். கொதிநிலை 197, இழுவிசை 48. ஓரத்தில் இழுவிசை கூடுகிறது. மேற்பரப்பு ஓட்டமும் வெளியே போகிறது. வளையத்தைத் தடுப்பதற்குப் பதில் இந்த ஜோடி வளையத்துக்கு ஒத்துழைக்கிறது. இசட் எண்ணுக்காகச் சேர்த்த திரவம் காயும்போது வேறு முகத்தைக் காட்டுகிறது. கட்டுரைகளில் “காபி வளையத்தைக் குறைக்க எத்திலீன் கிளைக்கால்” என்று பொத்தாம்பொதுவாக எழுதிவிடுகிறார்கள்; எதனோடு சேர்த்தால் என்பதுதான் கேள்வி.

அப்படியானால் ஆடியில் ஏன் ஓடியது? உலர்ந்த காற்றில் இந்தக் குறை சிறியது, தேறிவிட்டது. மழைக்காலத்தில் எத்திலீன் கிளைக்கால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுகிறது. அது அதன் இயல்பு. கண்ணாடியின் மேலும் நீர்ப்படலம் இருக்கிறது. இழுவிசை 72 உள்ள தண்ணீர் ஓரத்தில் சேரச் சேர, வெளியே இழுக்கும் விசை கூடுகிறது. கோடு அகலமாகப் பரவுகிறது, காய நேரமெடுக்கிறது, ஓரத்துக்குப் பொருள் போய்ச் சேர நிறைய அவகாசம் கிடைக்கிறது.

இங்கே ஒரு திருப்பம். ஆய்வகப் பொறுப்பாளர் ஈரத்தைச் சந்தேகிக்காமல் இல்லை. மழைநாளில் மை காயவில்லை என்று பார்த்துவிட்டு, தட்டின் வெப்பத்தை இயந்திரத்தின் எல்லையான 60 டிகிரிக்கு ஏற்றியிருந்தார். நீர் படிவது அதனால் நின்றது. வளையமோ முன்னைவிடத் தடித்தது. தட்டு சூடானால் ஓரத்தில் ஆவியாதல் இன்னும் வேகமெடுக்கும். வெளியே ஓடும் ஓட்டமும் வேகமெடுக்கும். 2008-இல் பெர்க்லியில் சோல்ட்மேனும் சுப்பிரமணியனும் அச்சிட்ட கோடுகளை ஆராய்ந்தபோது தட்டைக் குளிர்வித்தால்தான் வளையம் குறைகிறது என்று காட்டினார்கள். டெல்டாவின் மழைக்காலத்தில் குளிர்வித்தால் பனிப்புள்ளிக்குக் கீழே போய்விடும். சூடாக்கினால் வளையம், குளிர்வித்தால் நீர்.

அண்ணன் இதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “சுவாமிமலையில் என் மச்சான் சிலை வார்க்கிறார். மெழுகு உருவத்தின் மேல் வண்டல் மண் பூசினால் நிழலில்தான் ஆறவிடுவார். மழைக்காலத்தில் ஆறாது. அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் வெடித்துவிடும். அவர்கள் அறைக்குள் காற்றை உலர்த்துவார்கள், மண்ணை ஆறவைப்பதற்காகச் சுட மாட்டார்கள்.” நான் சொல்ல வேண்டியதை அவரே சொல்லிவிட்டதால், அடுத்த நாள் காற்றை உலர்த்தும் வேலையைத் தொடங்கினோம்.

அதற்கு முன் ஒன்று. இந்த வளையக் கோளாறு அதுவரை அளவைக்குச் சிக்காமல் தப்பியது ஏன் என்பதையும் சொல்ல வேண்டும். அவர்கள் மின்தடையை அளந்து உணரிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். கோடு அறுந்திருந்தால் ஒழிய, மின்னோட்டம் தடித்த ஓரங்கள் வழியாகத் தாராளமாகப் போகும். மின்தடை சரியாகவே இருக்கும். ஆனால் வாயுவுக்குப் பதில் சொல்வது படலத்தின் மேற்பரப்பு. ஆக்சிஜன் மேலே ஒட்டி எலக்ட்ரான்களைப் பிடித்துவைக்கும்போது, ஒரு சில நானோமீட்டர் முதல் சில பத்து நானோமீட்டர் ஆழம் வரைதான் அதன் பாதிப்பு எட்டும். 10 நானோமீட்டர் படலத்தில் அது பெரும்பகுதி. பல மடங்கு தடித்த ஓரத்தில் உள்ளே இருக்கும் பொருளுக்கு மேலே நடப்பது தெரியவே தெரியாது. உணரி உயிரோடு இருக்கும், உணராது.

நாசில் அடைப்பு

நாசில் இரண்டு விதமாக அடைக்கும். உலர்ந்த நாளில் நாசில் வாயில் கரைப்பான் பறந்து உப்பு பொருக்காகும். ஈர நாளில் மை நீரைக் குடித்து, துத்தநாக அசிட்டேட் நீராற்பகுப்படைந்து, அதாவது நீரோடு வினைபுரிந்து, அடுக்கடுக்கான ஹைட்ராக்சி அசிட்டேட்டாகப் படியும். கண்ணுக்கு இரண்டும் வெள்ளைதான். வேறுபாட்டைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். பொருக்கைக் கண்ணாடித் துண்டில் எடுத்து, அமீன் கலந்த மெத்தாக்சி எத்தனாலை ஒரு சொட்டு விடவும், உப்பானால் கரையும். கரையாமல் நின்றால் நீர்த்த அசிட்டிக் அமிலம் ஒரு சொட்டு. ஹைட்ராக்சி அசிட்டேட் அதில் கரைந்துவிடும். இந்த அமிலச் சோதனையை வெளியே எடுத்த பொருக்கில் மட்டும் செய்ய வேண்டும், கார்ட்ரிட்ஜுக்குள் விடக்கூடாது. இங்கே கிடைத்தது இரண்டாவது வகை. எக்ஸ் கதிர் சோதனையிலும் ஆக்சைடின் உச்சங்கள் இல்லாமல், 7 டிகிரிக் கோணத்துக்குச் சற்றுக் கீழே இந்த அடுக்குப் பொருளுக்கே உரிய உச்சம் வந்தது.

மை பாட்டிலும் ஒரு காரணம். பெரிய பாட்டிலில் காய்ச்சி வைத்து, தினமும் திறந்து மூடினார்கள். ஒவ்வொரு முறையும் பாட்டிலுக்குள் மழைக்காலக் காற்று.

இல்லாத அமோனியா

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். துத்தநாக ஆக்சைடின் மேல் ஒட்டியிருக்கும் ஆக்சிஜன் எலக்ட்ரான்களைப் பிடித்துவைத்திருக்கிறது. அமோனியா வந்து அதைக் கலைத்தால் எலக்ட்ரான்கள் திரும்பும், மின்தடை குறையும். நீராவி படிந்தாலும் மின்தடை குறையும். அறை வெப்பநிலையில் உணரிக்கு இரண்டும் ஒன்று. 200 டிகிரிக்கு மேல் சூடாக்கி ஓட்டினால் ஈரத்தின் தொல்லை பெரிதும் குறையும். ஆனால் வயலில் பேட்டரி தாங்காது. ஆகவே ஒவ்வோர் உணரிக்கும் பக்கத்தில் ஒரு தனி ஈரப்பத உணரியை வைத்து, அதன் அளவைக் கொண்டு திருத்திக்கொள்ள முடிவு செய்தார்கள். திருத்தும் கணக்கை மழைநாளில் எடுத்த அளவுகளிலிருந்தே கட்ட வேண்டும் என்று மட்டும் வற்புறுத்தினேன்.

என்னென்ன மாறின

அச்சு இயந்திரத்தைச் சுற்றி அக்ரிலிக் பெட்டி கட்டினார்கள். கும்பகோணத்தில் பெயர்ப்பலகை செய்கிறவரிடம் வெட்டி வாங்கியது. உள்ளே தட்டுகளில் சிலிக்கா ஜெல், ஓர் ஈரப்பதமானி. பெட்டிக்குள் 45 சதவீதத்தைத் தாண்டினால் அச்சு கிடையாது. நீல நிற ஜெல் ஈரம் குடித்து வெளிறிச் சிவக்கும்; 120 டிகிரி ஓவனில் வைத்தால் மறுபடி நீலமாகும். அந்த நீலம் கோபால்ட் உப்பு என்பதால் கைபடாமல் கையாள வேண்டும்; அடுத்த முறை ஆரஞ்சு நிற ஜெல் வாங்கச் சொல்லியிருக்கிறேன். மழைக்காலத்தில் ஜெல் வெகு சீக்கிரம் நிரம்பிவிடுவதால் இரண்டு தொகுதி வேண்டும். ஒன்று பெட்டியில், ஒன்று ஓவனில்.

பெட்டி கட்டியதில் ஒரு ஆபத்தும் உண்டு. மெத்தாக்சி எத்தனால் இனப்பெருக்க ஆற்றலைப் பாதிக்கும் நச்சு. மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் உடலுக்குள் போகும். ஐரோப்பாவில் மிகுந்த கவலைக்குரிய பொருட்களின் பட்டியலில் இருக்கிறது. மூடிய பெட்டியைத் திறக்கும்போது அந்த ஆவி முகத்தில் அடிக்கும். பெட்டியிலிருந்து, ஆவியை வெளியே இழுக்கும் புகைக் கூண்டுக்கு ஒரு குழாய் போட்ட பிறகுதான் மாணவியை வேலை செய்ய விட வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். செலவு என்று முணுமுணுத்தார்கள்; போட்டார்கள்.

கண்ணாடித் துண்டுகள் அச்சுக்கு முன் சூட்டுத் தட்டில் உலர்த்தப்பட்டு நேரே பெட்டிக்குள் போகின்றன. இயந்திரத் தட்டு 60 டிகிரியிலிருந்து 32-க்கு இறங்கியது. பனிப்புள்ளிக்கு மேல், ஓர ஓட்டத்தை விரட்டாத அளவு. மை சிறு குப்பிகளில், ஒரு நாளுக்கு ஒரு குப்பி. மிச்சத்தைத் திரும்ப ஊற்றுவதில்லை. ஏசிக்கு ஜெனரேட்டர் இணைப்பு கேட்டு எழுதியிருக்கிறார்கள். அது வரும்வரை கரண்ட் போனால் ஜன்னலைத் திறப்பதில்லை, அச்சையும் நிறுத்திவிடுகிறார்கள். அண்ணனின் நோட்டில் இப்போது ஈரப்பதத்துக்கும் ஒரு கட்டம் இருக்கிறது. டீசல் கணக்கில் அது எதற்கு என்று அலுவலகத்தில் கேட்டார்களாம்.

மையிலும் ஒரு மாற்றம். 30 சதவீத எத்திலீன் கிளைக்காலுக்குப் பதில் 20 சதவீதம் புரோப்பிலீன் கிளைக்கால். அதன் பாகுத்தன்மை 40 சென்டிபாய்ஸுக்கு மேல் என்பதால் குறைந்த அளவே போதும், கலவை 3.2 சென்டிபாய்ஸ், இசட் எண் 8-ஐ ஒட்டி, முன்போலவே. பரப்பு இழுவிசை 36. மெத்தாக்சி எத்தனாலுக்கும் அதற்கும் இடைவெளி 17-லிருந்து 5-ஆகச் சுருங்குகிறது. இதுவும் ஈரம் உறிஞ்சும் திரவம்தான், ஆனால் மையில் அளவு குறைவு, பெட்டிக்குள் ஈரமும் குறைவு. கோடுகளின் ஓரத் தடிப்பு அடியோடு போகவில்லை. நடுவில் படலம் அறுபடாமல் நிற்கும் அளவுக்குக் குறைந்திருக்கிறது. உணரிகளை இப்போது மின்தடையை வைத்துத் தேர்ந்தெடுப்பதில்லை. தெரிந்த அளவு அமோனியாவைச் செலுத்திப் பதிலைப் பார்த்துத்தான் தேர்கிறார்கள்.

பெட்டி, மை இரண்டையும் ஒரே வாரத்தில் மாற்றியதால் எது எவ்வளவு உதவியது என்று பிரிக்க முடியாமல் போயிற்று. பிரித்துப் பார்க்கும்படி கேட்டிருக்கிறேன்: பழைய மையைப் பெட்டிக்குள்ளும், புதிய மையைப் பெட்டிக்கு வெளியிலும். மழை இருக்கும்போதே செய்தால்தான் அதில் பொருள் உண்டு.

மெத்தாக்சி எத்தனாலை அடியோடு கைவிடுவது அடுத்த வேலை. அதன் இடத்துக்கு நச்சு மிகக் குறைந்த 1-மெத்தாக்சி-2-புரோப்பனால் வருகிறது; கொதிநிலை 120, பரப்பு இழுவிசை 28-ஐ ஒட்டி. ஆனால் அதோடு 36 உள்ள புரோப்பிலீன் கிளைக்காலைச் சேர்த்தால் இடைவெளி மறுபடி 8-ஆகிவிடும். அதனால் ஜோடியாக பியூட்டைல் கார்பிட்டாலை எடுத்திருக்கிறார்கள். கொதிநிலை 230, இழுவிசை 30. அறுபதுக்கு நாற்பது கலந்தால் தோராயமாக 2.8 சென்டிபாய்ஸ், இசட் எண் 8.5. காகிதத்தில் எல்லாம் பொருந்துகிறது. துத்தநாக அசிட்டேட் அந்தக் கலவையில் கலங்காமல் நிற்கிறதா என்று குப்பிகளில் பார்த்துவருகிறார்கள். நின்றால் கார்த்திகைக்குள் அச்சில் ஏறும்.